சோலாரிஸ்: நாவலில் இருந்த கடல் படத்தில் எங்கே போயிற்று?

கரிசல்மண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் 1961இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ நாவலை ஆங்கில வழியாகப் படித்து முடித்த கையோடு, அதைத் தழுவி ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த சோவியத் படத்தையும் பார்த்தேன். படம் 2 மணி 46 நிமிடம் ஓடுகிறது. ஒரே மூச்சில் பார்க்க இயலாமல் இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொண்டேன். இரண்டுமே என்னை உலுக்கின, ஆனால் முற்றிலும் வெவ்வேறு இடங்களில் உலுக்கின. அதுதான் என் குழப்பம். இரண்டின் முடிவுகளையும் பேசப்போகிறேன்; இனிமேல்தான் படிக்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

கதைச் சுருக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்றாலும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சோலாரிஸ் என்பது இரண்டு சூரியன்களைச் சுற்றிவரும் ஒரு கோள். அதை மூடிக் கிடக்கும் கடல் ஒரே உயிர் என்று கருதப்படுகிறது. அதற்கு மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்திற்குக் கெல்வின் என்ற உளவியலாளர் வந்து சேர்கிறார். அங்கிருந்த மூவரில் கிபாரியன் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார். ஸ்னாவுட்டும் சார்ட்டோரியஸும் எதையோ மறைக்கிறார்கள். மறுநாள் கண் விழிக்கும் கெல்வினின் எதிரில், பல ஆண்டுகளுக்கு முன் தன்னால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட மனைவி ஹாரி அமர்ந்திருக்கிறாள். கடல் அவருடைய நினைவிலிருந்து அவளை உருவாக்கி அனுப்பியிருக்கிறது.

நாவல் முதல் பக்கத்திலேயே கெல்வினை விண்கலத்திலிருந்து கோளை நோக்கி இறக்கிவிடுகிறது. பூமியில் நடப்பதாக ஒரு காட்சிகூட இல்லை. படத்திலோ முதல் 40 நிமிடங்களுக்கு மேல் நாம் பூமியை விட்டு நகர்வதே இல்லை: தந்தையின் மரவீடு, குளம், நீருக்கடியில் அசையும் பாசி, ஒரு குதிரை, திடீரென்று கொட்டும் மழையில் நனைந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் கெல்வின், மேசைமீது மழைநீர் விழும் தேநீர்க் கோப்பைகள். மறுபுறம், நாவலில் அத்தியாயக் கணக்கில் விரியும் கடலின் வடிவங்களும், அவற்றை வகைப்படுத்தி வகைப்படுத்தித் தோற்ற நூறாண்டு ஆய்வு வரலாறும் படத்தில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. திரையில் கடல் என்பது அவ்வப்போது சுழலும் ஒரு நீர்ப்பரப்பு, அவ்வளவுதான்.

தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்று லெம் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டது பிரசித்தம். நாவலைப் படித்தவனாக அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. படத்தைப் பார்த்தவனாக அதை ஏற்க மனம் வரவில்லை. என் கேள்வி இதுதான். மனிதனால் ஒருபோதும் புரிந்துகொள்ள முடியாத ஒன்றை எதிர்கொள்வதுதான் நாவலின் உயிர் என்றால், அந்த எதிர்கொள்ளல் படத்தில் எங்காவது மிஞ்சியிருக்கிறதா? அல்லது கடலைக் கழற்றி வைத்துவிட்டுக் குற்ற உணர்வை மட்டும் படமாக்கிவிட்டாரா?

நெய்தல்

நண்பரே, கழற்றி வைக்கவில்லை என்பது என் கட்சி. ஆனால் அதற்கு நாம் கடலைப் பார்ப்பதை விட்டு ஹாரியைப் பார்க்க வேண்டும்.

நாவல் முழுவதும் கெல்வினின் தன்மைக் கூற்று. அவர் கண்ணுக்குப் பட்ட ஹாரியைத்தான் நாம் அறிவோம். அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்பது நமக்கு வந்து சேர்வதே இல்லை. கேமரா வந்தவுடன் இது மாறிவிடுகிறது. ஹாரியாக நடித்த நத்தாலியா பொந்தார்ச்சுக்கின் முகத்தைத் திரையில் வைத்த பிறகு, அவள் கெல்வினின் நினைவிலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் மட்டும்தான் என்று எந்தப் பார்வையாளராலும் எண்ண முடியாது. நூலகக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீ வெறும் நகல் என்று சார்ட்டோரியஸ் முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் விம்மலுக்கு நடுவே பதில் சொல்கிறாள். பிறகு அவள் தனியே அமர்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் ப்ரூகலின் 1565ஆம் ஆண்டு ஓவியத்தை, பனியில் வேடர்கள் திரும்பிவரும் அந்த ஓவியத்தை, உற்றுப் பார்க்கிறாள். பூமியை ஒருநாளும் கண்டிராத ஓர் உயிர், ஓவியத்தின் வழியாகப் பூமியைக் கற்றுக்கொள்கிறது. அதுவரை கடலை மனிதர்கள் ஆராய்ந்தார்கள்; இந்த இரண்டு நிமிடங்களில் கடல் மனிதர்களை ஆராய்கிறது. இந்தப் புரட்டல் நாவலில் இல்லை.

அந்த உடையையும் மறந்துவிடாதீர்கள். ஹாரியின் உடையைக் கழற்ற உதவப் போகும் கெல்வின், முதுகுப்புறம் கயிறு கோத்து முடிச்சிட்டிருப்பதைப் பார்க்கிறார். முடிச்சை அவிழ்த்தால் கீழே திறப்பே இல்லை. துணி ஒரே துணியாக ஓடுகிறது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நினைவில் உடையின் தோற்றம் இருந்தது, அதை எப்படி உடுத்துவது என்பது இல்லை; ஆகவே கடல் தோற்றத்தை மட்டும் நெய்து அனுப்பிவிட்டது. ஓர் அந்நிய அறிவின் இருப்பை இதைவிடச் சிக்கனமாக யாரும் படம் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. முதல் ஹாரியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டதும் இரண்டாமவள் வந்து, தன் சால்வையைக் கழற்றி, நாற்காலியில் ஏற்கெனவே கிடக்கும் அதே சால்வையின்மேல் போடுகிறாள். வசனம் ஒன்றும் இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அது.

பழைய அகராதி

கேள்வி கேட்டவரிடம் ஒரு குறுக்குக் கேள்வி. தாங்கள் படித்த ஆங்கிலப் பதிப்பில் மனைவியின் பெயர் ஹாரியா, ரேயாவா? ஸ்னாவுட் அங்கே ஸ்னோ ஆகியிருந்தாரா?

ரேயா என்றிருந்தால் தாங்கள் படித்தது 1970இல் வந்த மொழிபெயர்ப்பு. அது போலிஷிலிருந்து நேரடியாகச் செய்யப்பட்டதன்று. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஆங்கிலம் நன்கு படிக்கத் தெரிந்த லெம், அந்தப் பதிப்பின்மீது தமக்கிருந்த அதிருப்தியை மறைக்கவில்லை. போலிஷிலிருந்து நேராக ஆங்கிலத்திற்கு வர 50 ஆண்டுகள் பிடித்தன: பில் ஜான்ஸ்டனின் மொழிபெயர்ப்பு 2011இல் முதலில் ஒலிநூலாகவே வெளியாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாவலையும் படத்தையும் ஒப்பிடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் இரண்டு முறை வடிகட்டிய நாவலைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால் இப்படித்தான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். லெம் அந்தக் கடலின் உருவங்களுக்குப் புதுச் சொற்களைச் சமைத்தவர். மிமாய்டு, சிமெட்ரியாடு என்று அந்தப் பெயர்களை ஒலிபெயர்த்து எழுதும்போது, பெயர் வைப்பவரின் அலட்டல் பாதி போய்விடுகிறது. ‘போலியுரு’, ‘ஒருங்குரு’ என்று நாமே தமிழில் ஆக்கிப் பார்த்தால்தான், புரியாததற்குப் பெயர் சூட்டிவிட்டு அதைப் புரிந்துகொண்டதாக நினைக்கும் அறிஞரின் வேடிக்கை வெளிப்படுகிறது.

குறுக்குவிசாரணை

மேலே உள்ளவர் ‘வேடிக்கை’ என்று சொன்னாரே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். தார்க்கோவ்ஸ்கி தொலைத்தது கடலை மட்டுமல்ல, நகைச்சுவையையும்தான். நாவலின் நூலக அத்தியாயங்களைச் சலிப்பு என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் நாவலே அங்கேதான் இருக்கிறது. ஒரு துறை பிறக்கிறது, ஆர்வக்கோளாறில் தொடங்கி, பள்ளிகளாகப் பிரிந்து, கலைச்சொற்களால் கொழுத்து, விபத்துகளில் ஆள்பலி கொடுத்து, நிதி வற்றி, கடைசியில் அலமாரிகளில் தூசு படிந்து உட்கார்ந்துவிடுகிறது. கடலின் வடிவங்களைப் பொறுமையாக வகைப்படுத்திய கீஸே, தாம் வகைப்படுத்திய அதே கடலின் ஓர் எழுச்சியில் பலியான 106 பேரில் ஒருவராக மாண்டுபோகிறார். அந்தச் சாவுக்குப் பிறகும் கடல் யாரையும் தாக்கியதா, தும்மியதா என்பதுகூடத் தெரியவில்லை. அறிவியலின் வரலாற்றை இவ்வளவு அன்போடும் இவ்வளவு குரூரத்தோடும் பகடி செய்த நாவல்கள் மிகச் சில.

இன்னொன்று. ஹாரி தோன்றுவதற்கு முன்பே, நிலையத்தின் விசித்திரங்களைக் கண்ட கெல்வின் தனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறார். சாதாரணக் கதாநாயகன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வான். இவர் என்ன செய்கிறார்? கோளைச் சுற்றிவரும் செயற்கைத் துணைக்கோளிடம் அதன் பாதை பற்றிய எண்களைக் கேட்டு வாங்குகிறார். அந்தத் தாளைப் பார்க்காமலே இழுப்பறையில் போட்டுவிட்டு, அதே எண்களை நிலையத்தின் கணிப்பொறி உதவியோடு தானே கணக்கிடுகிறார். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார். பித்துப்பிடித்த மூளை அத்தனை பெரிய கணக்கைத் தனக்குள்ளேயே போட்டிருக்க முடியாது, ஆகவே எண்கள் ஒத்துப்போனால் தன்னைத் தவிர ஓர் உலகம் உண்மையிலேயே இருக்கிறது என்று பொருள். எண்கள் தசம இடங்கள்வரை ஒத்துப்போகின்றன. தான் பைத்தியம் இல்லை என்று தெரிந்ததும்தான் அவருக்கு உண்மையான பயம் வருகிறது. இந்தக் காட்சி படத்தில் இல்லை. இது இல்லாத கெல்வின் வேறு ஆள்; அவர் அறிவியலாளரே அல்ல, வீடு திரும்ப ஏங்கும் ஒரு மகன்.

அதற்காகத் தார்க்கோவ்ஸ்கி தெரியாமல் செய்தார் என்று நான் சொல்லவில்லை. முதலில் எழுதப்பட்ட திரைக்கதையில் மூன்றில் இரண்டு பங்கு பூமியிலேயே நடந்தது. லெம்மும் படநிறுவனமும் எதிர்த்ததால்தான் இப்போதுள்ள அளவுக்குக் குறைந்தது. மாஸ்கோ சென்று வாரக்கணக்கில் வாதாடிய லெம், இயக்குநரை ரஷ்ய மொழியில் முட்டாள் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். தார்க்கோவ்ஸ்கியும் தம் பங்குக்கு, ராக்கெட்டும் விண்வெளி நிலையமும் இல்லாமல் எடுத்திருந்தால் படம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்றே பின்னர் எழுதினார். அதாவது நாவலின் ஆசிரியருக்குப் பூமி வேண்டாம், படத்தின் ஆசிரியருக்கு விண்வெளி வேண்டாம். இப்படிப்பட்ட இருவர் ஒரே கதையில் சந்தித்துக்கொண்டது சினிமாவின் அதிர்ஷ்டமோ என்னவோ, நாவலின் அதிர்ஷ்டம் அல்ல.

2002இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த அமெரிக்கப் படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. 99 நிமிடம், ஜார்ஜ் க்ளூனி, காதல். புத்தகத்துக்கு நான் சோலாரிஸ் என்றுதான் பெயர் வைத்தேனே தவிர விண்வெளியில் காதல் என்று அல்ல என்னும் பொருள்பட லெம் எழுதியதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒலிக்கூடம்

நான் ஒலிப்பதிவுத் துறையில் வேலை பார்ப்பவன். எல்லாரும் படத்தில் கடலைக் கண்ணால் தேடுகிறீர்கள் என்பதால் இதை எழுதத் தோன்றிற்று. தார்க்கோவ்ஸ்கியின் கடல் பெரும்பாலும் காதுக்குத்தான் இருக்கிறது.

இசையமைப்பாளர் எதுவார்த் அர்த்தேமியெவ், ஏ.என்.எஸ். என்ற சோவியத் ஒலியாக்கியில் பணிபுரிந்தவர். யெவ்கேனி முர்சின் வடிவமைத்த அந்தக் கருவியில் விசைப்பலகையை அழுத்தி வாசிப்பதில்லை. கறுப்புப் பசை பூசிய கண்ணாடித் தகட்டில் கோடுகளைக் கீறுவார்கள். கீறிய இடங்கள் வழியாக ஒளி புகுந்து, ஒளி ஒலியாக மாறும். படம் வரைந்தால் அது ஒலிக்கும் என்று எளிமையாகச் சொல்லலாம். இந்தப் படத்தின் ஒலித்தடத்தில் எது இசை, எது இயந்திர உறுமல், எது சூழல் ஓசை என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னாலேயே பல இடங்களில் முடியாது. நிலையத்தின் வளைந்த நடைகூடத்தில் கெல்வின் தனியாக நடக்கும்போது கேட்கும் அந்தத் தாழ்ந்த ரீங்காரம் குளிரூட்டியினுடையதா, கடலினுடையதா? முடிவு செய்ய முடியாதபடிதான் அது கலக்கப்பட்டிருக்கிறது. கரிசல்மண் அவர்கள் கேட்ட ‘புரிந்துகொள்ள முடியாதது’ அங்கே இருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆர்கன் இசை. அது பூமியின் குரல், அதில் ஐயமே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன விஷயம் வருகிறது: காற்றுத் துவாரத்தில் காகிதத்தைக் கீற்றுகளாகக் கிழித்து ஒட்டிவைத்தால் இரவில் இலைகள் சலசலப்பது போலக் கேட்கும் என்று ஸ்னாவுட் கெல்வினிடம் சொல்கிறார். மனிதர்களும் கடலைப் போலவே நினைவிலிருந்து போலி செய்கிறவர்கள் என்பதை ஒரு காகிதத் துண்டைக் கொண்டு தார்க்கோவ்ஸ்கி சொல்லிவிடுகிறார். கடல் ஹாரியைச் செய்தது. இவர்கள் இலையைச் செய்தார்கள்.

முன்பு சோலாரிஸுக்குப் போய்வந்த விமானி பெர்ட்டன் காரில் போகும் நெடுஞ்சாலைக் காட்சியை எல்லாரும் திட்டுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து நிமிடம், தோக்கியோவின் சுரங்கச் சாலைகளிலும் மேம்பாலங்களிலும் எடுத்தது. எதிர்கால நகரம் என்று சொல்லப்படும் இடத்தில் ஜப்பானிய எழுத்துப் பலகைகள் அப்படியே தெரிகின்றன. ஆனால் அந்தக் காட்சியை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். வண்டிச் சத்தம் மெல்ல மெல்ல வேறு எதுவாகவோ மாறி, காட்சி வெட்டுப்பட்டு, சட்டென்று குளக்கரையின் அமைதி. பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் பயணம் அங்கேயே முடிந்துவிட்டது. ராக்கெட் கிளம்புவதைக் காட்ட வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் போயிற்று.

கரிசல்மண்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பழைய அகராதி அவர்களுக்கு: நான் படித்தது ரேயாதான். உங்கள் பதிலைப் பார்த்த பிறகே படத்தில் வரும் பெயரை வைத்து எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். ஜான்ஸ்டனின் பதிப்பைத் தேடிப் படிக்கிறேன்.

நேற்று இரவு படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடியும் பார்த்தேன். நெய்தல் சொன்ன உடையும் ஒலிக்கூடம் சொன்ன காகித இலைகளும் மனத்தில் இருந்ததால், முதல் முறை பார்த்தபோது வெறும் கவித்துவம் என்று கடந்துபோன ஒன்று இப்போது வேறாகப் பட்டது. கெல்வின் தந்தையின் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். குளம் அசையாமல் கிடக்கிறது. சன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார். தந்தை எதையோ அடுக்கிக்கொண்டிருக்கிறார். மழை பெய்கிறது. ஆனால் வீட்டுக்கு வெளியே அல்ல, வீட்டுக்கு உள்ளே. கூரையிலிருந்து ஒழுகும் நீர் தந்தையின் தோளில் விழுகிறது, தோளிலிருந்து ஆவி எழுகிறது, அவரோ எதையும் உணராதவராகத் தம் வேலையைப் பார்க்கிறார்.

தொடக்கத்தில் கெல்வின் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அதே மழை இது என்று இப்போது நினைக்கிறேன். கடலுக்கு வீடு தெரியும், தந்தை தெரியும், மழையும் தெரியும். மழை எந்தப் பக்கம் பெய்யும் என்பது மட்டும் தெரியவில்லை. கயிறு கோத்திருந்தும் திறப்பு இல்லாத உடையின் அதே பிழை. அப்புறம் கேமரா மேலே மேலே போய், அந்த வீடும் தோட்டமும் கடலின் நடுவே ஒரு தீவு என்று காட்டும்போது, அது நமக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்ட செய்தியாகிவிடுகிறது. நான் கடலை நீர்ப்பரப்பில் தேடியது தவறு. அது செய்த பொருள்களின் பிசகுகளில் தேடியிருக்க வேண்டும்.

இருந்தாலும் குறுக்குவிசாரணை அவர்களின் கட்சியிலிருந்து நான் முழுதாக மாறிவிடவில்லை. நாவலின் முடிவில் கெல்வின் முதன்முறையாகக் கடலின் விளிம்பில் இறங்கிக் கையை நீட்டுகிறார். அலை ஒன்று எழுந்து, கையைத் தொடாமல், நடுவே மெல்லிய காற்றுப் படலம் விட்டு, ஓர் உறையைப் போலக் கையைச் சூழ்ந்துகொள்கிறது. கையை உயர்த்தினால் அதுவும் உயர்கிறது. சில தடவை இப்படி நடந்ததும் அலைக்கு ஆர்வம் போய்விடுகிறது. பிறகு எவ்வளவு நீட்டினாலும் வருவதில்லை. அந்த விரற்கடை இடைவெளியைத் தார்க்கோவ்ஸ்கி மூடிவிட்டார். படத்தில் கெல்வின் தந்தையின் முன் மண்டியிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொட்டேவிடுகிறார், போலியையானாலும். லெம்மின் கெல்வினுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய முடிவு.

குறுக்குவிசாரணை

உள்ளே பெய்யும் மழையை நான் இதுவரை கூரை ஒழுகல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று இரவு பார்க்கிறேன். ஆனால் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன்: திறக்காத உடை லெம்முடையது. நாவலில் கயிற்றுக்குப் பதில் நடுவே வரிசையாகப் பொத்தான்கள், எதுவும் கழலாது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாம் ஹாரி வந்த பிறகு வெட்டப்பட்ட இரண்டு வெள்ளை உடைகள் அறையில் மிஞ்சுவதும் நாவலிலேயே இருக்கிறது. படத்தில் அது சால்வையாயிற்று.